ஆறாவது ஷரத்து

மார்ச் 4

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். மேலே தெரிகிற கறுப்புக் கோடு அதுதான்.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். இரண்டாவது ஈடு ரொட்டி அடுப்புக்குள் இருந்தது. கட்டடக்காரரின் டிரைவர் வந்து ஒரு கவரை நீட்டினார். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற சமாசாரமாக இருக்கும் என்று மாவுக் கையோடு பிரித்தேன். தொண்ணூறு நாளில் பேக்கரியையும் மாடி வீட்டையும் காலி செய்ய வேண்டுமாம். 'ஒப்பந்தத்தின் 11-ஆம் ஷரத்தின்படி' என்று போட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. புகை நாற்றம் கேட்டு என் மனைவி மாடியிலிருந்து ஓடிவந்தபோது பத்துத் தட்டு ரொட்டியும் கரியாகியிருந்தது.

மூன்று வருஷமாகப் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்த ஒப்பந்தத்தை எடுத்தேன். நீ எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதை நான் தொட்டதே இல்லை. அக்கா எழுதியது, அதில் என்ன பார்க்க இருக்கிறது என்ற நினைப்புதான். நேற்று ஒரு வரி விடாமல் படித்தேன்.

11: 'உரிமையாளருக்குக் கட்டடம் தேவைப்பட்டால், தொண்ணூறு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லலாம்.'

14: 'இந்த ஒப்பந்தத்தின் வேறு எந்த ஷரத்தில் என்ன சொல்லியிருந்தாலும், 11-ஆம் ஷரத்தில் சொல்லியிருப்பதே செல்லும்.'

பத்து வருஷம் இருக்கலாம் என்று 10-ல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் 14 வந்து அதை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. எனக்குச் சட்டம் தெரியாது. படிக்கத் தெரியும்.

"பத்து வருஷத்துக்கு ஆண்டவனே வந்தாலும் உன்னை அங்கேருந்து அசைக்க முடியாதுடா" என்று போனில் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆண்டவன் வரவில்லை. டிரைவரே போதுமாக இருந்தது.

என் அடுப்பை நீ பார்த்ததில்லை. ஆயிரத்து எண்ணூறு செங்கல், நாலு மாச வேலை. மிஷின் அடுப்பாக இருந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். இதை எடுத்துக்கொண்டு போக முடியாது, இடிக்கத்தான் முடியும். அந்த அடுப்புக்காகத்தான் ஜனங்கள் மூன்று தெரு தாண்டி என்னிடம் வருகிறார்கள்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். எதுவானாலும் எழுத்தில் கொடு என்பது உன் வாய்ப்பாடு அல்லவா? எழுத்தில் கொடு.

உன் தம்பி


மார்ச் 8

மாவு மூஞ்சிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் வாசலிலேயே பிரித்துப் படித்தேன். படித்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பெரிய வக்கீல் என்னைத் தாண்டிப் போகும்போது "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

நான் அப்படி எழுதவில்லை. எழுதியிருக்கவே முடியாது.

என் நகல் இதோ என் முன்னால் இருக்கிறது. 11-ஆம் ஷரத்து பத்து வருஷத்தைப் பற்றியது. கட்டடம் கைமாறினாலும் நீ இருக்கலாம், அடுப்பை யாரும் தொடக்கூடாது என்று மூன்றே வாக்கியம். தொண்ணூறு நாள் சமாசாரம் 12. அது இருந்தே தீரவேண்டும் என்று கட்டடக்காரர் ஒற்றைக் காலில் நின்றதாக நீதான் சொன்னாய். சரி, இருந்துவிட்டுப் போகட்டும், பத்து வருஷம் முடிகிறவரை அது பல் பிடுங்கின பாம்பாகக் கிடக்கட்டும் என்றுதான், எது எப்படி இருந்தாலும் 11 சொல்வதே செல்லும் என்று கடைசி ஷரத்தைப் போட்டேன். உன்னைக் காப்பாற்ற வைத்த பூட்டு அது. அதையே உன் கழுத்தில் மாட்டினேன் என்கிறாய்.

இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. வக்கீல்கள் பேசுவார்கள், அவர்கள் பேசினதை நான் வாக்கியமாக்குவேன். ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரு வாக்கியத்துக்கு ஒரே வேலை. முதல் பக்கத்தில் 'கடை' என்று சொன்னதைக் கடைசிப் பக்கத்தில் 'வளாகம்' என்று அழகு பார்த்தால், அந்த அழகுக்காக இரண்டு குடும்பம் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்கும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் உன்னிடம் 'கமா அக்கா' என்று பட்டப்பெயர் வாங்கினேன். அப்படிப்பட்டவள் உன் ஒப்பந்தத்தில் 11-க்கும் 12-க்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதுவேனா?

மாவுக் கண்ணோடு தப்பாகப் படித்திருக்கிறாய். கையெழுத்தான நகலை அனுப்பு என்று அப்போதே நாலு முறை கேட்டேன். கையெழுத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். "நீ வந்தா யாரையும் கையெழுத்துப் போட விடமாட்ட, கமாவை எண்ணிக்கிட்டே இருப்ப" என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டாய். இப்போதாவது அந்த ஒப்பந்தத்தை, முதல் ஷரத்திலிருந்து கடைசி ஷரத்துவரை, ஒரு வார்த்தை விடாமல் உன் கையால் எழுதி அனுப்பு.

அடுப்பு நல்ல அடுப்பு என்று நம்புகிறேன். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தால் பார்த்திருப்பேன்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். ஐந்து தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கொடுத்த தண்டனைக்குக்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை. தப்பாகப் படித்தேனா என்று நீயே பார்த்துக்கொள். 11 நான் சொன்னபடிதான் இருக்கிறது. 14 நான் சொன்னபடிதான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

வியாழக்கிழமை கட்டடக்காரர் ஓர் ஆளோடு வந்தார். அந்த ஆள் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்தான், வாசலை அளந்தான். பிறகு சூடாக இருக்கிற அடுப்பையே சுற்றிச் சுற்றி அளந்தான். சாக்குக்கட்டியால் அதன் நெற்றியில் ஒரு பெருக்கல் குறி போட்டான். என் மகள் மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அடுப்புல யாரு கிறுக்கினது?" என்று கேட்டாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? ஈரத்துணியை அவளிடம் கொடுத்தேன். அவள் துடைத்துவிட்டாள்.

"சார், பத்து வருஷம்னு பேசினோமே" என்று கேட்டேன்.

"பேசினது பேசினதுதான். எழுதினதைப் பாருங்க. உங்க அக்கா எழுதினதுதானே? நல்லா தெளிவாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. பாராட்டுகிற மாதிரியே சொன்னார்.

அவர் போன பிறகும் அந்தப் பாராட்டு காதில் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது. நீ அவருக்காக எழுதினாயா, எனக்காக எழுதினாயா? இந்தக் கேள்வியை எழுதவே கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

தம்பி


மார்ச் 16

தம்பி,

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். நீயே ஒருநாள் வெட்கப்படுவாய்.

உன் ஐந்து தாளை என் நகலுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டிக்கொண்டே படித்தேன். ஐந்து வரைக்கும் ஒன்றுபோல இருந்தது. ஆறில் என் விரல் நின்றுவிட்டது.

நான் எழுதியது பதினைந்து ஷரத்து. உன்னிடம் இருப்பது பதினாலு. என்னுடைய ஆறாவது ஷரத்து உன் தாளில் இல்லை. உன் ஆறாவது என்னுடைய ஏழாவது. புரிகிறதா? வரிசையில் ஒரு ஆள் கழன்றதும் பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஓர் இடம் முன்னால் வந்துவிட்டார்கள். என் 11, பத்து வருஷம், இப்போது 10. என் 12, தொண்ணூறு நாள், இப்போது 11. ஆனால் கடைசி ஷரத்துக்குள் நான் கையால் டைப் அடித்த '11' என்ற எண் மட்டும் அப்படியே நிற்கிறது. அது பழைய ஆளைக் காவல் காக்கிறதாக நினைத்துக்கொண்டு புது ஆளைக் காவல் காக்கிறது.

ஒரே ஒரு ஷரத்தை உருவினால் முழு ஒப்பந்தமும் தலைகீழாகும் என்று தெரிந்த ஒருவன்தான் இதைச் செய்திருக்க முடியும். உனக்குத் தெரியாமல், கையெழுத்துக்கு முன்னால், கட்டடக்காரர் தாளை மாற்றியிருக்கிறார். மூன்று வருஷம் பொறுமையாக இருந்துவிட்டு இப்போது கறக்கிறார். வந்து உன் முகத்துக்கு நேராக என்னைப் பாராட்ட வேறு செய்திருக்கிறார், என்ன நெஞ்சழுத்தம்!

பெரிய வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆபீஸுக்குத் தெரியாமல் உனக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்ததையும் சொன்னேன். முகம் மாறியது, ஆனால் கேட்டார். "உருவினது அவர்தான்னு எப்படிம்மா சொல்றே? உன் தம்பி பக்கம் எதுவும் இருக்காதே?" என்றார். "என் தம்பிக்கு எதையும் மறைக்கத் தெரியாது சார்" என்றேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார்.

நோட்டீஸ் தயார். வார்த்தைகள் என்னுடையவை. ஆபீஸ் தாளில், அவர் கையெழுத்தோடு, வரும் திங்கட்கிழமை கூரியரில் போகும். ஏமாற்று, மோசடி, ஆவணத் திருட்டு, மூன்றையும் பச்சையாகவே எழுதியிருக்கிறேன். இனி பயப்படாதே. அடுப்பை மூட்டு.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்ததிலிருந்து நான் மனுஷனாக இல்லை.

நோட்டீஸை அனுப்பாதே. ஆறாவது ஷரத்தை எடுத்தது நான்.

கையெழுத்துப் போடுகிற நாளில் நானும் என் மனைவியும் பதிவு ஆபீஸுக்கு எதிரே இருக்கிற பிரிண்ட் கடையில் உட்கார்ந்திருந்தோம். நீ அனுப்பியதைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தார். நான் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன். இவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். அப்போது இவளுக்கு ஏழாம் மாசம். ஐந்து வரைக்கும் கடகடவென்று படித்தாள். ஆறு வந்தது.

'வாடகைதாரர் இறந்துவிட்டால், அவருடைய மனைவியும் குழந்தைகளும் மீதிக் காலம் முழுவதும் இதே ஒப்பந்தத்தின்படி கடையிலும் வீட்டிலும் இருக்கலாம். அவர்களைக் காலி செய்யச் சொல்லக் கூடாது.'

பாதியில் இவள் குரல் நின்றுவிட்டது. கை வயிற்றின்மேல் போனது. கண் நிறைந்துவிட்டது. அப்பா நாற்பத்தொன்றில் போனார், எனக்கு அப்போது முப்பத்தெட்டு. புதுக்கடைக்குக் கையெழுத்துப் போடுகிற நாளில், பிள்ளைத்தாய்ச்சி வாயால், என் சாவைப் படிக்க வைத்திருக்கிறாயே என்று உன்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

"அண்ணே, இந்த ஆறாவதை மட்டும் தூக்கிடுங்க" என்றேன்.

"நம்பர் மாறிடுமே சார்."

"மாறட்டும்."

"சரி, ஒண்ணும் பிரச்சினை இல்ல. கம்ப்யூட்டரே வரிசையைச் சரி பண்ணிக்கும்."

பண்ணிக்கொண்டது. வெளியே இருக்கிற எண்களையெல்லாம் சரிசெய்துவிட்டது. கடைசி ஷரத்துக்குள் இருந்த எண் அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உனக்குச் சொன்னால் ஒரு பாட்டம் திட்டுவாய், மறுபடி எழுதுவாய், இன்னும் ஒரு வாரம் இழுக்கும் என்று மறைத்துவிட்டேன். நீ நகல் கேட்டபோதெல்லாம் சாக்குச் சொன்னது இதனால்தான்.

நேற்றிலிருந்து மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். இவளும் "இப்பவே பேசிடுங்க" என்று பின்னாலேயே நின்றாள். உன் குரலைக் கேட்டால் வேறு ஏதாவது பொய்யைச் சொல்லிவிடுவேன் என்று பயம். எழுத்தில்தான் உண்மை வருகிறது. உங்கள் ஆபீஸில் எந்தக் காகிதமும் சொன்ன தேதியில் போனதில்லை என்று நீயே சிரிப்பாய், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இதை இப்போதே தபாலில் போடுகிறேன்.

உன் தம்பி (வெட்கப்பட்டாயிற்று)


மார்ச் 23

தம்பி,

நேற்று வந்தது உன் கடிதம். நோட்டீஸ் திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்விட்டது. அன்று பூராவும் அது என் மேசைமேல்தான் இருந்தது. கூரியர்க்காரர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று அரைமணி நேரம் கூடுதலாகவும் இருந்தது. ஒரு போன். ஒரே ஒரு போன்டா.

பெரிய வக்கீல் உன் கடிதத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை. குற்றமில்லாத ஒரு மனுஷரை, அவர் பெயர் போட்டு, திருடன் என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறோம். வாபஸ் கடிதமும் மன்னிப்பும் இன்று காலையே போயிற்று. அதுவும் என் வார்த்தைகள்தான்.

உன்னைத் திட்ட இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். ஏன் என்று கேள்.

எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: ஒரு ஷரத்துக்குள் இன்னொரு ஷரத்தைச் சொல்லும்போது எண்ணை மட்டும் எழுதாதே, தலைப்பையும் சேர்த்து எழுது. '11-ஆம் ஷரத்து' என்று நிறுத்தாமல் '11-ஆம் ஷரத்தில் உள்ள பத்து வருஷக் காலம்' என்று எழுது. எண் நகர்ந்தாலும் பெயர் நகராது. உன் ஒப்பந்தத்தில் பெயர் இருந்திருந்தால், நீ எந்த ஷரத்தை எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் எழுதவில்லை. முதல் வரைவில் எழுதியிருந்தேன். "உன் எழுத்தைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள என் ரொட்டி கருகிடும்" என்று கேலி செய்தாய். ரோஷம் வந்து எல்லாத் தலைப்பையும் வெட்டினேன். அரைப்பக்கம் குறைந்தது. ஊருக்குத்தான் உபதேசம், வீட்டுக்கு இல்லை.

அந்த ஆறாவது ஷரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மா உன்னிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மாவே போன பிறகு யாருக்காகக் காப்பாற்றுவது?

அப்பா இறந்தபோது நாம் ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். எனக்குப் பதினாலு, உனக்கு ஆறு. நல்ல பள்ளிக்கூடத்துக்காக வீடு மாறினோம் என்றுதானே உனக்குச் சொல்லிவைத்திருக்கிறது? அப்பா போன ஐந்தாம் நாள் ஆலையிலிருந்து ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். அம்மாவால் பார்க்க முடியவில்லை, நான்தான் படித்தேன். 'தொழிலாளி இறந்தால் ஏழு நாளுக்குள் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.' அதைவிடத் தெளிவான வாக்கியத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. ஏழாம் நாள் காலையில் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நின்றோம். நீ தகர டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து வண்டி ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தாய். அம்மா தலையை முந்தானையால் மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றாள்.

அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தபோது, முதல் ஷரத்தை எழுதுவதற்கு முன்னால் ஆறாவதை எழுதினேன். உன் சாவை எழுதவில்லையடா. உன் பெண்டாட்டி தெருவில் நிற்கக் கூடாது என்று எழுதினேன்.

நேராகப் போய் அவர் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல். என் பழைய வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன், பதினைந்து ஷரத்தும் இருக்கிறது. மனசிருந்தால் அவர் இப்போதும் சரிசெய்துவிடலாம்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் கடிதத்தை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். அந்த டிரங்குப் பெட்டி எனக்கு ஞாபகம் இருக்கிறது. சந்தோஷமான நாள் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவை அவரே திறந்தார்.

"வா. திருடன் வீட்டுக்குள்ள வர பயமா இருக்கா?"

உள்ளே கூப்பிட்டு உட்காரவும் வைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. உன் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிரிண்ட் கடை, ஆறாவது ஷரத்து, எண் நகர்ந்தது, எல்லாம். வரைவைக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார்.

"அன்னைக்கு நான் உன்னை ஒரு கேள்வி கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

அக்கா, இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சென்ற கடிதத்திலும் விட்டுவிட்டேன். கையெழுத்துப் போட்ட அன்று அவர், "ஆறாவது ஒண்ணு இருந்துச்சே, எங்க? உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நீ என்ன சொன்ன?" என்று இப்போது கேட்டார்.

"அக்காதான் எடுக்கச் சொன்னாங்கன்னு சொன்னேன்."

"ஆமா. நான் நம்பினேன். சட்டம் தெரிஞ்ச பொம்பளை, தெரிஞ்சுதான் மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன். பின்னால படிச்சுப் பார்த்தப்ப எனக்குச் சாதகமா இருந்துச்சு. எனக்கென்ன, நானா எழுதினேன்?"

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "கட்டடத்தை வாங்க ஒரு கார் கம்பெனிக்காரன் ரெண்டு மாசமா பத்திரத்தோட என் பின்னால அலையறான். உனக்குக் காலி பண்ணச் சொல்லி லெட்டர் குடுத்தேனே தவிர, அவனுக்குக் கையெழுத்து போடல. உன் பொண்ணு படிக்கட்டுல உக்காந்து பன்னு தின்னுட்டு எனக்கும் பாதி பிச்சுக் குடுக்கும். மனசு ஒப்பல. நீ நேரா வந்து, 'சார், ரெண்டு வருஷம் பொறுங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா பொறுத்திருப்பேன். நீ வரல. போன வாரம் செவ்வாய்க்கிழமை உங்க அக்கா லெட்டர் வந்துச்சு. அறுபத்தெட்டு வயசுல, என் மருமகன் முன்னாடி, என்னைத் திருடன்னு ஒரு தாள் சொல்லுது. மறுநாள் புதன்கிழமை அவனுக்குக் கையெழுத்து போட்டுட்டேன்."

புதன்கிழமை. என் கடிதம் உன் கைக்கு வந்த அதே நாள்.

வாபஸ் கடிதமும் வந்ததாம். "நல்லா எழுதியிருந்தாங்க" என்றார். வாசல்வரை கொண்டுவந்து விட்டார். கட்டடம் போயிற்று, அக்கா.

தம்பி


ஏப்ரல் 4

தம்பி,

மூன்று நாளாக ஒரு வாக்கியம்கூட எழுத வரவில்லை. ஆபீஸிலும் வரவில்லை.

நீ மறைத்தாய், நான் அவசரப்பட்டேன். யார் பங்கு அதிகம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், முடியவில்லை. அந்த மனுஷர் உனக்காகத்தான் விற்கக் கையெழுத்துப் போடாமல் காத்திருந்தார். நான் அவரைத் திருடன் என்று எழுதினேன். இந்த ஒரு வாக்கியத்தை அடித்துத் திருத்த வழியில்லை.

இனி என் வாக்கியம் எதுவும் இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாது என்று பெரிய வக்கீல் உத்தரவு போட்டிருக்கிறார். போன வருஷம் நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்தான் படிக்கப்போகிறாள். நியாயம்தான்.

அக்கா


மே 19

அக்கா,

ஒன்றரை மாசம் பேசாமல் இருந்துவிட்டேன். கோபமில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது.

நேற்று அடுப்பை நானே பிரித்தேன். கம்பெனிக்காரன் சம்மட்டியால் உடைப்பதைப் பார்க்க முடியாது. கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டேன். அவர் ஒவ்வொரு செங்கல்லையும் தட்டி, சத்தம் கேட்டு, இது தேறும், இது தேறாது என்று பிரித்துவைத்தார். ஆயிரத்து நூறு தேறிற்று. நெற்றிக் கல்லில் சாக்குக்கட்டிக் குறி இன்னும் லேசாக இருந்தது. அதையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய லாரி ஷெட் கிடைத்திருக்கிறது. பின்னால் ஒரு சின்ன வீடும் உண்டு. உரிமையாளர் ரிட்டயர்டு நர்ஸ். "எல்லாம் எழுத்துல இருக்கணும்ப்பா" என்று முதல் பேச்சிலேயே சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, நீயே வேஷம் மாறி வந்த மாதிரி. வேறு யாரிடமாவது எழுதிக்கொள்ளலாமா என்று இவளிடம் கேட்டேன். உன்மேல் குறை இல்லை, என்மேல்தான் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்போது இவள் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"அக்காவே எழுதட்டும். அந்த ஆறாவதையும் மறுபடி எழுதச் சொல்லுங்க."

"அதைப் படிச்சுத்தானே அன்னைக்கு அழுதே?"

இவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் பயந்தா அழுதேன்? என்னையும் என் வயித்துல இருக்கறதையும் நினைச்சு, எங்கேயோ இருக்கற ஒருத்தங்க ரெண்டு வரி எழுதியிருக்காங்களேன்னு அழுதேன். நீங்க அதைத் தூக்கச் சொன்னீங்க. உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நான் வாயைத் திறக்கல."

ஒரு கேள்வி. அன்று பிரிண்ட் கடையில் "ஏன் அழறே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த அடுப்பு இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

போன வாரம் எனக்கு நாற்பத்தொன்று முடிந்தது. அப்பாவைத் தாண்டிவிட்டேன். எழுது. எவ்வளவு நீளமானாலும் சரி, ரொட்டி கருகினால் கருகட்டும்.

உன் தம்பி


மே 24

அன்புள்ள மாவு மூஞ்சிக்கு,

வரைவு இத்துடன் இருக்கிறது. பதினாறு ஷரத்து. எங்கே எண் வந்தாலும் பக்கத்திலேயே தலைப்பும் வருகிறது. நான் கற்றுக்கொடுத்த பெண் இதைப் படித்து இரண்டு இடத்தில் திருத்தினாள், இரண்டும் சரியான திருத்தம். இந்தமுறை பெரிய வக்கீலுக்குத் தெரிந்தேதான் எழுதினேன். கட்டடக்காரருக்குத் தனியாக என் கையால் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், ஆபீஸ் தாளில் இல்லை. பதில் வராது என்று தெரியும்.

உன் மனைவி சொன்னதைப் படித்துவிட்டு ஆபீஸ் மாடிப்படியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படிக்கு என் பெயரையே வைத்துவிடலாம்.

கையெழுத்துக்கு நான் வருகிறேன். நீ கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன். இந்தமுறை மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா. ஒப்பந்தத்தை நீதான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அந்த நர்ஸம்மா முன்னால், உன் மனைவி முன்னால், பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். ஆறாவது வந்ததும் நிறுத்தாதே. குரல் உடைந்தால் உடையட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எந்த நாள், எத்தனை மணி என்று எனக்குத் தெரிய வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதாதே. போன் செய்.

அக்கா